எது கடித்தது?

காலில் கறுத்துப்போன இடத்தை அழுத்திப் பார்த்த டாக்டர் குழம்பினார்.

“என்ன கடிச்சுது?”

“சிலந்தி” என்றார் கட்டிலில் கிடந்த தச்சர்.

“நர்ஸ்கிட்ட பாம்புன்னு சொன்னீங்களாமே?”

“சரியா பாக்கலைங்க.”

மனைவி புலம்பினாள். “வீட்டையே தலைகீழா புரட்டிட்டேன் டாக்டர். ஒரு எறும்புகூட இல்ல!”

அவளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“பல் பட்ட தடமே இல்ல. விஷத்தாலயும் சதை அழுகும், கிருமியாலயும் அழுகும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. காலைக் காப்பாத்தணும், உண்மையைச் சொல்லுங்க.”

தச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

“எதுவும் கடிக்கல. பட்டறையில கால்ல மரச்சிராய் ஏறிடுச்சு. கையில கிடைச்ச ஊக்கால அவதான் குத்தி எடுத்தா. மறுநாளே வீங்கிடுச்சு. தன்னாலதான்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா டாக்டர்.”

மனைவி மருந்தோடு மூச்சு வாங்க வந்தாள். “எது கடிச்சுதுன்னு தெரிஞ்சுதா?”

டாக்டர் ஒரு கணம் தச்சரைப் பார்த்தார்.

“எதுவும் கடிக்கலம்மா. சிராய் வழியா கிருமி ஏறியிருக்கு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிட்டா கால் தப்பிச்சுடும்.”

அவள் கணவனிடம் திரும்பினாள். “பாத்தீங்களா? அன்னைக்கு நான் மட்டும் அதைக் குத்தி எடுக்கலன்னா என்ன ஆயிருக்கும்!”

“ஆமா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் தச்சர். “உன்னாலதான் பிழைச்சேன்.”