பாதிக் கோஷம்

“கடவுள் அனுப்புற விருந்தாளிக்கும் விசா வேணுமாம்மா?” என்று சைகலின் மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். இன்று அமைச்சகத்தின் இரும்புக் கதவுக்கு எதிரே, பனியில் கால் மரத்து நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது.

“ஷேர்மத் வரட்டும்! விசா கொடு!” என்று பெண்கள் முழங்கினார்கள். சைகலின் குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிந்தி வந்து சேர்ந்துகொண்டது.

“விசா கொடு!”

எல்லோரும் எல்லையோரத்து மேய்ப்பர் வீட்டுப் பெண்கள். அங்கே மலையின் இரண்டு பக்கமும் ஒரே மொழி. நடுவில் கோடு போட்ட பிறகும் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. சண்டையும் நிற்கவில்லை. மேய்ச்சல் நிலத் தகராறில் அண்டை நாட்டுப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆண்களுக்காகத்தான் இவர்கள் தலைநகருக்கு வந்திருந்தார்கள். முன்னால் நின்று கோஷம் போடும் ருக்கியாவுக்கு மகன். சைகலுக்கு, அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய கணவன்.

ஷேர்மத் அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர். ‘என்னை உள்ளே விடுங்கள், அத்தனை பேரையும் என் பொறுப்பில் கூட்டிவந்து ஒப்படைக்கிறேன்’ என்று அறிவித்திருந்தார். அவர் எப்போதோ பேசிய காரமான பேச்சைக் காட்டி இந்த அரசு விசா மறுத்துவிட்டது. நாளைக்குக் கைதிகளைத் தொலைதூரச் சிறைக்கு மாற்றப்போகிறார்கள். அப்புறம் யார் கைக்கும் எட்டமாட்டார்கள்.

துணை அமைச்சர் இசாபெக்கின் கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தள்ளுமுள்ளில் அவருடைய வெள்ளைக் கல்பாக் தொப்பி தரையில் விழுந்தது.

சட்டென்று கூச்சல் அடங்கியது. கல்பாக் மண்ணில் விழுவது, போட்டிருப்பவனின் தலையே விழுந்த மாதிரி.

சைகல்தான் குனிந்து எடுத்தாள். பனியைத் தட்டிவிட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கி அணிந்துகொண்டு உள்ளே போனார்.

“என்னடி, அவனுக்குப் பணிவிடை பண்ணவா வந்தே?” ருக்கியா சீறினாள். “அடுத்து பூட்ஸையும் துடைச்சு விடு! அந்தப் பக்கத்துக்காரனைக் கட்டினவளாச்சே, எங்க வலி உனக்கு எப்படித் தெரியும்?”

“தொப்பி என்னக்கா பாவம் பண்ணுச்சு?” என்றாள் சைகல் மெதுவாக.

சற்று நேரத்தில் காவலாளி கதவைத் திறந்தான். “ஒரே ஒரு ஆள் உள்ளே வரலாமாம். தொப்பி எடுத்துக் கொடுத்த பொண்ணு வரட்டுமாம்.”

ருக்கியா பாய்ந்து வந்து அவள் தோளைப் பற்றினாள். “நல்லா கேளுடி. அழு, காலில் விழு, என்ன வேணா பண்ணு. என் பிள்ளை உயிர் உன் வாயிலதான் இருக்கு.”

உள்ளே கணப்பின் சூடு முகத்தில் அடித்தது. இசாபெக்கின் பக்கத்தில் உதவியாளன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“யாருக்கு விசா கேக்குறே? பேரைச் சொல்லும்மா” என்றார் இசாபெக்.

“அந்தப் பக்கத்துப் பெரியவருக்குங்க.”

“அந்தப் பக்கத்துல ஆயிரம் பெரியவங்க இருக்காங்க. இவர் யாரு?”

“நாடாளுமன்றத்துல இருக்காரே… வெள்ளைத் தாடி வெச்சிருப்பாரு…”

“பேரு?”

கணவனின் முகம் கண்முன் வந்தது. வெளியே நிற்கிற ருக்கியாவின் முகமும் வந்தது. சைகல் வாயைத் திறந்தாள். நாக்கு எழும்பவில்லை. கண்ணீர்தான் பொலபொலவென்று கொட்டியது.

உதவியாளன் சிரித்துவிட்டான். “கூலிக்கு ஆள் பிடிக்கிறவங்க, பேரையாவது சொல்லிக்கொடுத்து அனுப்பக் கூடாதா?”

இசாபெக் சிரிக்கவில்லை. அவளைக் கூர்ந்து பார்த்து, “நீ போம்மா” என்றார்.

அவள் வெளியே வருவதற்குள் விஷயம் வாசலுக்கு வந்துவிட்டது.

“பேரு தெரியாதா உனக்கு? காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்துறோமே, காதுல விழலியா?” ருக்கியா மார்பில் அடித்துக்கொண்டாள். “அவங்க வெச்ச ஆளுதான்டி நீ! என் பிள்ளையைக் கொன்னுட்டியே!”

பொழுது சாய்ந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள். சைகலுக்கு யாரும் இடம் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆளில்லாத நடைபாதையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏந்தினாள். “யா அல்லா, என் வாயைக் கட்டிப்போட்டவன் நீ. வழியையும் நீயே திற.”

பக்கவாட்டுக் கதவு திறந்தது. இசாபெக் தனியாக வந்தார். கூட உதவியாளன் இல்லை, காவலாளியும் இல்லை.

“விசா போட்டாச்சு. காலையில எல்லாரும் எல்லைப் பாலத்துக்குப் போய் நில்லுங்க. உங்க ஆளுங்க வந்துடுவாங்க.”

சைகல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ஐயா… நான் பேரைக்கூடச் சொல்லலியே.”

“அதனாலதான் போட்டேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பகையோட வர்றாருன்னு நினைச்சு பயந்துக்கிட்டிருந்தோம். அவர் எதுக்காக இவ்வளவு பாடுபடுறார்னு அவங்க ஊர்ல தெரிஞ்சா ஒருத்தரையும் விடமாட்டாங்க, இல்லையா? கவலைப்படாதே. என் வாயிலேர்ந்து வராது.”

அவள் திகைத்துப் பார்த்தாள். “உங்களுக்கு… எப்படித் தெரிஞ்சுது?”

“எங்க வீட்டு மருமகளும் மாமனார் பேரைச் சொல்லமாட்டாம்மா.”