விஷமூர்த்தி திருந்துகிறான்

நாற்பத்திரண்டு பேரைக் கொன்றவன், சிவப்புப் புடவையில், தலைவிரி கோலமாக, இண்டூர் கோயில் மைதானத்தில் மார்பில் அடித்துக்கொண்டு கதறினான். ஊரே அவனைச் சுற்றி வட்டம் கட்டி நின்றது. ஓட நினைத்தாலும் வழியில்லை.

கூட்டத்தின் கடைசியில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் கலைவாணன். அந்த நாற்பத்திரண்டு பேரையும் கொல்லச் சொன்னவன் அவன்தான். ஞாயிறுதோறும் டிவியில் வரும் 'இடிவேந்தன்' சாகசத் தொடருக்குக் கதை எழுதுகிறவன். கதறிக்கொண்டிருந்தவன் அதில் வில்லன் விஷமூர்த்தியாக நடிக்கும் மாதேஸ்வரன், இதே ஊர்க்காரன்.

இடிவேந்தன் பறந்து பறந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலித்துவிட்டது. அதனால் விஷமூர்த்தியைத் தனியே பிரித்து ஒரு புதுத் தொடர். செய்த பாவத்துக்கு வாரம் ஒரு வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பான். நாற்பத்திரண்டு வீடு, நாற்பத்திரண்டு வாரம். கதையின் ஆழம் அவ்வளவுதான். அதை எழுதி முடித்த அன்று கலைவாணன் தனக்குத் தானே கண்கலங்கினான் என்பது வேறு விஷயம்.

சேனல் மேலாளர் ஜாஸ்மினுக்குத்தான் கண் கலங்கவில்லை.

"கொலைகாரன் திருந்திட்டான்னா ஜனங்க ஒத்துக்கணுமே சார்? அவனோட ஊர்லயே திருவிழாவாம். அவனுக்குத் தெரியாம போய்ப் பார்த்துட்டு, பன்னண்டு மணிக்குள்ள சொல்லுங்க. சரிப்படலேன்னா அந்த நேரத்துல சமையல் ப்ரோகிராம் போட்டுடலாம்."

சமையலுக்குக் கதாசிரியர் தேவையில்லை. அந்தக் கவலையோடுதான் தருமபுரியில் பஸ் ஏறியிருந்தான்.

இப்போது மணி பதினொன்றே முக்கால். வட்டம் கலைந்து நீண்ட வரிசையானது. இருநூறு பேராவது இருப்பார்கள். குளித்த ஈரம் காயாத தலையோடு பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். வரிசையின் முதலில் நின்ற ராமக்காள் என்ற பெண்ணின் கையில் புத்தம்புதிய விளக்குமாறு.

கலைவாணன் முண்டியடித்து முன்னால் போனான்.

"சார், வரிசையில வாங்க. எல்லாருக்கும் கெடைக்கும்" என்று ஒருவர் தடுத்தார்.

இருநூறு பேருக்கும் இருந்தது அந்த ஒரே விளக்குமாறுதான். கைமாற்றிக் கைமாற்றி அடிப்பார்கள் போலிருக்கிறது, என்ன ஒரு சிக்கனம் என்று நினைத்துக்கொண்டான்.

"அக்கா, அவனை விட்ருங்கக்கா. பாவம்."

ராமக்காள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்குப் புதுசுங்களா? எப்பிடிங்க வுடறது? போன வருசம் சூட்டிங்கு கீட்டிங்குன்னு வராமயே இருந்துட்டான். இந்த வருசந்தான் ஆளு சிக்கியிருக்கான்."

"எத்தனை அடி?"

"ஆளுக்கு மூணுங்க. கைக்கொழந்தைக்கு ஒண்ணு போதும்."

கைக்குழந்தையுமா! தன் எழுத்து பால்குடிப் பிள்ளைவரை போய்ச் சேர்ந்திருப்பதை நினைத்து ஒரு விநாடி பெருமையாகக்கூட இருந்தது. மறு விநாடி பதறிக் கத்தினான்.

"அவன் திருந்திட்டான்க்கா! அடுத்த தொடர்ல வீடு வீடா வந்து மன்னிப்புக் கேக்கப் போறான்!"

"கேக்கட்டும்ங்க, நல்லதுதான. அதுக்கும் இதுக்கும் என்னாங்க? எங்க வூட்டுக்காரரு கோழி கூவ எந்திரிச்சு இந்த வெளக்குமாற கட்டிக் குடுத்தாரு. சும்மா எடுத்துட்டுப் போவச் சொல்றீங்களா?"

பின்னாலிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இதற்கு மேல் ஜனங்களின் மனசைப் படிக்க என்ன இருக்கிறது? மனசைப் படிப்பதுதானே அவன் தொழில். செல்போனை எடுத்து ஜாஸ்மினுக்கு அனுப்பினான்:

'சொந்த ஊரே விளக்குமாற்றோடு நிற்கிறது. மன்னிக்க மாட்டார்கள். புதுத் தொடரைக் கைவிடலாம்.'

பத்து வருடத்தில் அவன் எழுதியவற்றில் வளவளப்பில்லாத ஒரே வசனம் அதுதான். அவள் ஒரு திருத்தமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டதும் அதை மட்டும்தான்.

'ஓகே சார். ஞாயிறு முதல் சமையல். ஒப்பந்தமும் கையெழுத்தாயிடுச்சு.'

சட்டென்று மேளம் நின்றது.

"நூறு புள்ளையப் பறிகுடுத்த காந்தாரி வர்றா, வழி வுடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பாரதக் கூத்தின் காந்தாரி வேஷத்தில், புடவை புழுதியில் புரள, மாதேஸ்வரன் தள்ளாடியபடி வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். கலைவாணன் கண்களை இறுக மூடிக்கொண்டான். அடி விழுகிற சத்தம் கேட்கவில்லை. மெல்லத் திறந்து பார்த்தான்.

ராமக்காள் விளக்குமாற்றை மாதேஸ்வரனின் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவன் முன்னால் குனிந்து முதுகைக் காட்டினாள்.

"வீசி அடி சாமி, எங்களப் புடிச்ச பீடையெல்லாம் வுட்டு ஓடட்டும்!"