குதிகால்

மனித குலம் செய்த பிழைகளிலேயே பெரியது கால்விரல் நுனியில் நிற்கக் கற்றுக்கொண்டதுதான் என்று, கல்லூரி இதழுக்கு நடன விமர்சனம் எழுதும் மெல்வின் அரங்கில் சாய்ந்து உட்கார்ந்தபடி பிரகடனம் செய்தான். "அப்புறம் குதிகால் எதுக்கு, அழகுக்கா?" "பேசாம பாலே நடனத்தைப் பாருடா," என்றாள் கூட வந்திருந்த வகுப்புத் தோழி ஷிபானா. மேடையில் வெள்ளை உடைக்காரி விரல் நுனியில் எழும்பினாள். இசை முடிந்தும் அவள் இறங்கவில்லை. அப்படியே நின்று, முன்வரிசைக்காரர்களின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தரையில் ஊன்றிய குதிகால் அவள் கண்ணில் பட்டதும் அந்த இருக்கை காலியானது. கீழே செருப்பு மட்டும் கிடந்தது. பதறியெழுந்து விரல் நுனியில் நின்றவர்களை மட்டும் அவள் பார்வை தாண்டிப் போனது. "ஓடிரலாமா?" என்று கிசுகிசுத்தான் மெல்வின். "ஓடினா குதிகால் தரையில படுமே!" ஷிபானா ஏற்கெனவே முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள். "எந்திரிடா, அடுத்தது நம்ம வரிசை." "மானம் போயிடும்டி." "செருப்பு மட்டும்தான்டா மிஞ்சும்." மெல்வின் சத்தமில்லாமல் எழுந்து குதிகாலை உயர்த்தினான். கெண்டைக்கால் அப்போதே நடுங்க ஆரம்பித்துவிட்டது. மேடையில் நின்றவளின் கால் துளியும் நடுங்கவில்லை.