பீங்கான் சாக்கெட்

"பேக்கலைட் சாக்கெட்டே போதும் மச்சான். ரேடியோ வால்வ ஒருவாட்டி சொருகினா வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். தெனம் புடுங்கி மாட்டப் போற மாதிரியில்ல பீங்கான்ல கேக்குறீங்க!" என்று தம்பிராஜாவைப் பார்த்துச் சிரித்தான், அவன் மனைவியின் தம்பி மருதமுத்து.

தம்பிராஜா சிரிக்கவில்லை. எத்தனை முறை கழற்றினாலும் பிடி தளராதது பீங்கான்தான் என்று கடையில் ஒற்றைக்காலில் நின்றான். ஒரே மாதிரி இரண்டு வாங்கினான். "ஒன்னு ஸ்பேரு லா," என்றான்.

காஜா பேராங் பகுதியில் இருந்த வீட்டில் அவன் கையால் செய்த ரேடியோ பாடியதும் சிவகாமசுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் செய்த ரேடியோ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒரே குறை. சனிக்கிழமை விடிந்தால் பெரிய வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துப் பகுதியான தெங்கேராவுக்குக் கிளம்பிவிடுவான்.

"நோஞ்சான் வால்வு சிவகாமி. கூட்டாளி கடையில மீட்டர் வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். நாளைக்குக் கொண்டாந்துடுறேன்."

அவளும் நம்பினாள். கண்ணாடி உடையாமல் போய்வர வேண்டுமே என்று, ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் ரோஜாப்பூ பின்னி, வாரந்தவறாமல் தானே வால்வைச் சுற்றிக் கொடுத்தாள். அப்படி ஒரு வெகுளி.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளும் சனிக்கிழமையாகவே வந்து தொலைத்தது. கோலாலம்பூரிலிருந்து நேரடி ஒலிபரப்பு. அவளோ தெருவையே கேட்க அழைத்திருந்தாள்.

"இந்த ஒரு சனிக்கிழம மட்டும் கழட்டாதீங்க. நாலு பேரு முன்னாடி என் மானத்தக் காப்பாத்துங்க," என்று முதல் நாளே கெஞ்சினாள். அவன் வெகுநேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, "சரி," என்றான். தனக்காக விட்டுக்கொடுத்தானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ரேடியோவில் "மெர்டேக்கா!" என்று முழங்க, கூடமும் சேர்ந்து முழங்கியது. "குடுத்து வச்சவடி நீ," என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். சிவகாமசுந்தரி பூரித்துப்போய்க் கணவனைத் தேடினாள்.

அவன் வாசலைப் பார்த்தபடி வெளிறிப்போய் நின்றான்.

வாசலில் ஓர் இளம்பெண் தயங்கி நின்றாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கையில் துவைத்து மடித்த வெள்ளைக் கைக்குட்டை. மடிப்பில் ரோஜாப்பூ தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அங்க தெங்கேராவுல நம்ம ரேடியோவுல சாக்கெட் காலியா கெடக்கு. இவரையும் காணோம், அதான் நானே வந்துட்டேன்."

அவள் கைக்குட்டையை நீட்டினாள்.

"சனிக்கிழமன்னா வால்வும் அவரும் எங்க வீட்டுக்குன்னு நீங்கதானேக்கா ஒத்துக்கிட்டீங்க?"