கடைசி இலக்கம்

புதிய எண்ணின் கடைசி இலக்கம் நான்கு.

தவராஜா கைபேசியை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். நான்குதான்.

ஓகூஸ் நகரில் தனியே இருக்கும் பிள்ளை, புதிய எண்ணோடு வந்த மஞ்சள் சுகாதார அட்டையைப் படம் எடுத்து அனுப்பி மூன்று நாளாகிறது. கீழே ஒரு வரி: "அப்பா, சனிக்கிழமை வீட்டை வரட்டோ?"

இன்று வெள்ளி. அவர் இன்னும் பதில் போடவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. குசினிக் கதிரையிலேயே இருந்தார்.

படத்தைப் பெருப்பித்து, பெயர் இருந்த வரியைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு, பத்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டார். எண்கள் என்றால் அவருக்குப் பயமில்லை.

பழைய எண் அவருக்கு மனப்பாடம். பிள்ளை பிறந்து, இந்த நாட்டில் எல்லோருக்கும் கொடுக்கும் பத்து இலக்க எண் வந்த அன்றே, அது முதன்மை எண்ணாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்.

கணினியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடி. கேட்கவில்லை. கோல்டிங்கில் வேலை செய்த யன்னல் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டு நேரங்களில், ஒரு பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து, நாற்பத்தோராயிரம் வரையுள்ள ஒவ்வொரு முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்த்தார். நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தல்கள். லொத்தருக்குக் கணக்குப் போடுகிறார் என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

முதன்மை எண்ணேதான். அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கணக்குகள் நிறைந்த மூன்று கொப்பிகளும், அட்டையில் 'நிதுஷன்' என்ற பெயரோடு, அலுமாரியில் இன்னும் இருக்கின்றன.

புதிய எண்ணிலும் முதல் ஆறு இலக்கங்கள் மாறவில்லை. அவை பிறந்த திகதி. மாறியது மிச்சம் நான்குதான்.

இரட்டை எண். இரண்டால் வகுபடும். முதன்மை எண்ணாக இருக்க வழியே இல்லை. ஒரு பனிக்காலத்து வேலை ஒரு வினாடியில் முடிந்துவிட்டது.

இந்த நாட்டில் அந்தக் கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றை, பெண்களுக்கு இரட்டை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் புதிய எண்ணை இரண்டால் வகுத்தார். விடையின் கடைசி இலக்கம் ஏழு. பழைய எண்ணுக்கும் ஏழுதான்.

அந்த விடையை மூன்றால் வகுத்தார். போகவில்லை. ஏழால். போகவில்லை. பதினொன்றால், பதின்மூன்றால். கை தன்பாட்டில் எழுதிக்கொண்டே போனது. மேசையில் கிடந்த கடை விளம்பரத் தாளின் ஓரங்கள் நிறைந்துவிட்டன. இன்னும் இருபத்தொன்பதாயிரம் வரை போக வேண்டும்.

எழுந்துபோய் அலுமாரியில் இருந்து புதுக் கொப்பி ஒன்றை எடுத்து வந்தார்.

வாசலில் நின்ற மனைவி மனோரஞ்சிதம் கேட்டாள்: "பிள்ளைக்கு என்னெண்டு சொல்ல?"

"வரச்சொல்லும். இது முடிய இந்த விண்டர் முழுக்க வேணும்."

பிறகு படத்தைக் கீழே இழுத்தார். மூன்று நாளாகத் தள்ளிவைத்திருந்த பெயர் திரைக்குள் வந்தது. டெனிஷ் எழுத்தில் இருந்ததை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, கொப்பி அட்டையில் தமிழில் எழுதினார்.

சாரங்கா.