டாட்டா

ஊர் சுற்றிக் காட்டும் பஸ் அருங்காட்சியக வாசலிலிருந்து கிளம்பியதுமே குழந்தை வீறிட்டு அழுதான். "டாட்டா! டாட்டா!" என்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான்.

"சரிடா கண்ணா, டாட்டா!" என்று அவனை மடியில் வைத்திருந்த அம்மாவும் வெளியே கையசைத்தாள். அழுகை இரட்டித்தது. பால் கொடுத்தாள், தட்டிவிட்டான். துணியைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமில்லை. அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"யாருக்குடா இத்தனை டாட்டா?" என்று முன்சீட்டிலிருந்து திரும்பிய கணவனின் முகம் வெளிறியது. "அப்பா உன் பக்கத்துல இல்லையா?"

"உங்ககூட உக்காந்திருக்காருன்னு நெனச்சேன்... ஐயோ, இவன் தாத்தாவையில்ல கூப்பிட்டிருக்கான்! டிரைவர், நிறுத்துங்க!"

பஸ் நின்றது. பின்னால், பேரனின் காலிலிருந்து கழன்று விழுந்த ஷூவை உயர்த்திப் பிடித்தபடி, மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார் மாமனார்.