சோடியம் மஞ்சள்

கல்லூரி ஆய்வகத்தில் இருந்த ஒரே சோடியம் விளக்கைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கீழே போட்டு உடைத்தவர் வேறு யாருமல்ல, இயற்பியல் ஆசிரியர் ரெமிஜியஸ்தான்.

"எலக்ட்ரான் மேல் மட்டத்துக்கு ஏறுறது பெருசில்லடா. திரும்பி இறங்கும்போதுதான் வெளிச்சம். நம்மூரு துபாய்க்காரங்க மாதிரி" என்பார் வகுப்பில். பையன்கள் சிரிப்பார்கள். மனைவி ஷீபா குவைத்தில் நர்ஸாக இருக்க, அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார்.

சில்லுகளை அட்டெண்டர் சகாயம்மாள் கூட்டி அள்ளினாள். ஆனால் ஒளியைக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கண்ணை வைத்தால், சோடியத்தின் இரண்டு மஞ்சள் கோடுகளும் ஒட்டினாற்போல நின்றன. ரெமிஜியஸ் விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார். கறுப்புத் துணியைப் போட்டு மூடினார். கோடுகள் அப்படியே நின்றன.

"விளக்கே இல்லாம எதை சார் பாக்குறீங்க?"

"நீயே பாரேன்."

சகாயம்மாள் குனிந்து பார்த்தாள். "மஞ்சளா எரியுது சார். கரண்டு மிச்சம்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வழக்கம்போல ஷீபாவிடம் பேச ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனார். விளக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"எப்பம்மா வர்ற?" என்று மட்டும் கேட்டார். ஷீபா போன நாளிலிருந்து இதற்கு ஒரே பதில்தான்: "பாக்கலாங்க."

இந்த முறை பதில் மாறியிருந்தது.

"நான் வரலைங்க. இனிமே வரவும் மாட்டேன். அந்த மஞ்சள் லைட்டைத் தயவுசெஞ்சு அணைச்சிடுங்க. இங்க ரூம்ல என்னால தூங்கவே முடியல."